படத்திறப்பில் ஒரு பட்டிமன்றம்

துஷ்டி வீட்டில் (சாவு விழுந்த வீட்டுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர்) பேச விடக் கூடாத ஆட்கள் என்று ஒரு வகை உண்டு. கைதட்டலுக்குப் பழகிப்போனவர்கள். அவர்கள் கையில் மைக்கைக் கொடுத்து "நாலு வார்த்தை மட்டும்" என்று சொல்வது, சர்க்கரை நோயாளி கையில் ஜாங்கிரித் தட்டைக் கொடுத்து "சும்மா பிடிச்சிட்டு இருங்க" என்று சொல்வது மாதிரி. நான் அந்த வகை. பக்கத்தில் யாராவது கொசு அடித்தால்கூட எனக்குத்தான் கை தட்டுகிறார்கள் என்று நினைத்து அடுத்த உதாரணத்துக்குப் போய்விடுவேன். இப்படிப்பட்டவனை என் மாமனாரின் படத்திறப்பில் பேச விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்து விசேஷங்களில் எனக்கு மைக் தருவதே இல்லை. காதுகுத்து வீட்டில் "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அறிவிக்கக்கூட வேறு ஆள்தான்.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பட்டிமன்றம். கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பு என்று யார் கூப்பிட்டாலும் போவேன். எப்போதும் மூன்றாவது பேச்சாளர்தான். (முதல் பேச்சாளருக்குச் சால்வை. இரண்டாம் ஆளுக்குத் துண்டு. மூன்றாம் ஆளுக்கு, பந்தியில் இடம் இருந்தால் சாப்பாடு.) சொந்த ஊர் எப்போதும்வென்றான். மேடையில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு சிரிப்பு வரும். என் அணி பெரும்பாலும் தோற்கும் என்பதால் தீர்ப்பு சொல்லும்போது அதே சிரிப்பு இன்னொரு முறையும் வரும்.

பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவன் எவனாக இருந்தாலும் தன் மனைவியைப் பற்றி ஒரு பொய்யாவது சொல்ல வேண்டும். "நேத்து வீட்டுல என்ன நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தாலே சபை நிமிர்ந்து உட்காரும். சொல்வது பொய் என்று சபைக்கும் தெரியும். என் மனைவி ஜெயந்தியை நான் எத்தனையோ மேடைகளில் பூரிக்கட்டையோடு ஓட விட்டிருக்கிறேன். நிஜத்தில் அவள் பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரிகூடப் பேச மாட்டாள். இந்த வழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் விழப்போகிற குழி இதுதான்.

ஜெயந்தியின் அப்பா சண்முகவேல் மாமா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். உள்ளே போய் மேஜை நாற்காலி தேடாதீர்கள்.) அதிகம் பேசாத மனிதர். மத்தியான வெக்கையில் பெட்டி ஒட்டுகிற பெண்களில் யாராவது கண்ணசந்து விடுவார்கள். மாமா அந்தப் பக்கம் வரும்போது வாசலிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு, செருப்பை நாலு தட்டுத் தட்டிக்கொண்டுதான் வருவார். அவருக்குச் சளித் தொந்தரவு என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு தீராத வழக்கு இருந்தது. ஒரு சினிமாவும் ஒரு டிவி தொடரும்தான் அந்த வழக்கு.

சினிமாவின் பெயர் 'மழைக்கு முன் ஒரு ரயில்'. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துக் குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்தோம். முன்பின் தெரியாத ஒரு பையனும் பெண்ணும், கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் வீடு என்று சொல்லும் ஒரு ஹவுஸ் ஓனரிடம், புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி மாடியில் குடி வருகிறார்கள். நடிக்க நடிக்கக் காதல் வந்துவிடுகிறது. கடைசியில் ஹவுஸ் ஓனருக்கு உண்மை தெரிகிறது. பெட்டிகளைத் தூக்கித் தெருவில் எறிகிறார். அவள் ரயில் ஏறுகிறாள். மழை. அவன் பிளாட்பாரத்தில் ஓடுகிறான். ஹவுஸ் ஓனர் மனம் மாறி, குடையோடு ஸ்டேஷனுக்கு வருகிறார். சுபம்.

நான் கர்சீப் நனைய அழுதேன். வெளியே வந்ததும் மாமாவிடம் "எப்படி மாமா?" என்று கேட்டேன்.

"மழை நல்லாப் பெஞ்சுது மாப்பிள. அதுல பாதி நம்ம பக்கம் பெஞ்சா இந்த வருசம் பருத்தி தப்பிச்சிரும்" என்றார். அவ்வளவுதான் விமர்சனம்.

பல வருஷம் கழித்து டிவியில் 'மாடிப் போர்ஷன்' வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் தினம் அரை மணி நேரம். அப்படியே அதே கதை. அதே பொய்க் கல்யாணம், அதே மாடி, அதே ஹவுஸ் ஓனர். பாட்டு இல்லை, கடற்கரை இல்லை. ஒரு சோபா, ஒரு அடுப்படி, மாடிக்கு ஏறும் நாலு படி. இடையிடையே ஆளே இல்லாமல் ஒரு கூட்டம் சிரிக்கும் சத்தம். காப்பி அடித்துவிட்டான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமாவோ அதற்கு அடிமையாகிவிட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்த நேரத்துக்கு டிவி இருக்கிற அறையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தொடர் முடிந்ததும் எனக்குப் போன் வரும்.

"மாப்பிள, இன்னைக்குப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா. ஒண்ணுமே நடக்கல. கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சு. அது ஒரு கதையா?"

"சிலிண்டர் தீந்ததும் ரெண்டு பேரும் சண்டை போட்டாவளே. அது நெசப் புருசன் பொண்டாட்டிச் சண்டைல்லா? அவியளுக்கே தெரியல பாத்தீங்களா?"

"அதைச் சினிமாவுல ஒரே பாட்டுல சொல்லிட்டான் மாமா."

"பாட்டுல சொன்னா பாட்டோட போயிரும்."

எனக்கு அந்தத் தொடரில் பிடிக்காத விஷயம் ஹவுஸ் ஓனர்தான். சினிமாவில் அவர் கடைசிவரை ஏமாறுகிறார். உண்மை தெரிந்ததும் ருத்ர தாண்டவம் ஆடுகிறார். அதனால்தான் கதைக்கு ஒரு உச்சம் கிடைக்கிறது. தொடரில் வருகிறவர் பனியனும் பேப்பருமாக ஒரு கிழவர். அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் மாடிக்கு இட்லி மாவு கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் யாராவது சந்தேகப்பட்டால் காது கேட்காத மாதிரி பேச்சை மாற்றிவிடுகிறார். வருஷக்கணக்காக இதுவேதான்.

"அந்த ஆளுக்குத் தெரிஞ்சபிறகு கதை எங்க மாமா இருக்கு? ஒண்ணு கேட்டுரணும், இல்ல வெரட்டிரணும். சும்மா உக்காந்திருந்தா அவன் என்ன கேரக்டர்?"

மாமா, "தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கான் பாருங்க, அதான் மாப்பிள கதை. மத்ததெல்லாம் சும்மா" என்று போனை வைத்துவிடுவார். இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பட்டிமன்றப் பேச்சாளனுக்குக் காது என்பது அடுத்து தான் பேச வேண்டியதற்காகக் காத்திருக்கும் உறுப்பு. அதனால் ஒரு தடவைகூட எனக்குள் போகவில்லை.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். எனக்கும் ஜெயந்திக்கும் நடந்தது, பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். அப்படித்தான் ஊர் உலகம் நம்பியது. உண்மையில் இருவரும் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து பழகி, பிடித்துப்போய், கலந்து பேசி, அதற்குப் பிறகுதான் பெரியவர்களைப் 'பார்க்க' வைத்தோம். ஜாதகத்தைக் கொண்டுபோன தரகர் என் ஏற்பாடு. இரண்டு வீட்டுக்கும் எல்லாப் பொருத்தமும் இருந்தது. காதல் என்ற சொல் ஒன்றுதான் பொருந்தாது. மாமாவின் அண்ணன் அப்போது உயிரோடு இருந்தார். காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக உடன்பிறந்த தங்கை மகள் வீட்டு வாசலையே மிதிக்காத மனிதர். அவர் சொல்லை மீறி அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்காது.

பெண் பார்க்கிற அன்று நான் ஜெயந்தியை முதன்முறையாகப் பார்த்தேன். அப்படிப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள ஒரு வாரம் கண்ணாடி முன் பயிற்சி எடுத்திருந்தேன். அவளும் தலையைக் குனிந்தபடி தட்டோடு வந்து எல்லோருக்கும் பால் காப்பி கொடுத்தாள். எனக்கு மட்டும் கடுங்காப்பி. எனக்குச் சின்ன வயசிலிருந்தே பால் ஆகாது. அதை அந்த வீட்டில் நானும் சொல்லவில்லை, என்னோடு வந்தவர்களும் சொல்லவில்லை. டம்ளரைப் பார்த்ததும் எனக்குச் சாமியே வந்துவிட்டது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. மாமா தொண்டையைச் செருமிவிட்டு, "தம்பிக்கு இதான் முத தடவையா நம்ம வீட்டுப் பக்கம்?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். இரண்டு வாயில் அந்தக் காப்பியைக் குடித்துத் தடயத்தை அழித்தேன்.

இந்த ரகசியத்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் காப்பாற்றினோம். எனக்கு அது ஒரு சுமையாகவே இல்லை. ஜெயந்திக்கு அப்படியில்லை. அப்பாவிடம் அவள் சொன்ன ஒரே பொய் அது. மாமா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, அப்பாகிட்டச் சொல்லிரட்டுமா?"

"இப்ப எதுக்கு? இந்த நேரத்துல வருத்தப்படுத்தவா?" என்றேன்.

அவள் சொல்லவில்லை. மறுநாள் அவரால் யாரையும் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் போய்விட்டார். அழுகைக்கு நடுவில் அவள் "சொல்லாமலே அனுப்பிட்டேனே" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் புரிந்தது. சுற்றியிருந்த பெண்கள், கடைசியாக ஏதோ பலகாரம் கேட்டிருப்பார், கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் படத்திறப்பு வைத்தார்கள். தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, மைக் செட். படத்தைத் திறந்துவைக்க, மாமாவுக்கு நெடுநாள் பழக்கமான ஒரு பெரிய தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வந்திருந்தார். அன்று காலை ஜெயந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இங்க பாருங்க. நீங்க எங்க அப்பாகிட்ட எப்பப் பாத்தாலும் எதுத்து எதுத்துப் பேசுவீங்க. அவிய மேல உங்களுக்கு மரியாதையே கெடையாதுன்னு எங்க அண்ணன் நெனச்சிட்டு இருக்காவ. இன்னைக்கு ஒரு நாளு, எங்க அப்பாவப் பத்தி ஒழுங்கா நாலு வார்த்தை பேசுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இது வேண்டும் என்று ஒன்றுமே கேட்டதில்லை. பேசுவேன் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். மாமா மேல் எனக்கு இருந்தது மரியாதை மட்டும் அல்ல, ஆசையும்தான். இனிமேல் விளக்கு வைத்த பிறகு அந்தப் போன் வராது. அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

முதலில் பேசிய இருவரும் முறையாகப் பேசினார்கள். எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார், ஈடு செய்ய முடியாத இழப்பு. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்து என் பெயரைச் சொன்னார்கள். எழுந்து போனேன். இப்போது யோசித்தால் குற்றம் என்னுடையது மட்டும் அல்ல, நாற்காலி போட்டவர்களுடையதும்தான் என்று தோன்றுகிறது. நடுவில் மேஜை, அதன் பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் படம் திறக்க வந்த பெரியவர், அவருக்கு இந்தப் பக்கம் ஒரு பேச்சாளர், அந்தப் பக்கம் ஒரு பேச்சாளர், மேஜையில் தண்ணீர் டம்ளர். எத்தனை வருஷமாக நான் பார்க்கும் காட்சி. மைக்கைப் பிடித்தேன். வாய் தானாகத் திறந்தது.

"நடுவர் அவர்களே!"

பின்வரிசையில் ஒருவர் இருமலுக்குள் ஒரு சிரிப்பை மறைத்தார். மேஜையில் இருந்த பெரியவர் தன்னையா கூப்பிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

சமாளித்தேன். படத்தின் பக்கம் திரும்பி, "எங்கள் குடும்பத்துக்கெல்லாம் நடுவராக இருந்த மாமா அவர்களே" என்று முடித்தேன். கூட்டத்தில் தலைகள் ஆடின. பெண்கள் பக்கத்தில் ஒரு விசும்பல். ஜெயந்தியின் அண்ணன் செல்வராஜ் மச்சான்கூட, பரவாயில்லையே என்பது போல என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டு இறங்கியிருந்தால் நான் இன்று மைக் உள்ள மனிதன்.

மாமாவுக்கு எவ்வளவு பிடித்தது என்று காட்டத்தான் 'மாடிப் போர்ஷன்' பேச்சை எடுத்தேன். தொடர் நேரத்தில் வந்த விருந்தாளியை அவர் வாசலிலேயே உட்கார வைத்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். அழுத முகங்கள் சிரிக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிலிண்டர் தீர்ந்த கதையைச் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு கைதட்டல். (கொசு என்று பிற்பாடு தெரியவந்தது.)

அதோடு என் அறிவு பந்தலைவிட்டு இறங்கிப் போய்விட்டது. துஷ்டி வீடு என்பது மறந்தது. எதிரணி தெரிந்தது. எதிரணி படத்துக்குள் மாலையோடு இருந்தது என்பது உறைக்கவில்லை. குரலை உயர்த்தினேன்.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன். வாழ்க்கையை உள்ளபடி சொன்னது தொடர் அல்ல, சினிமாதான்! பொய்யில ஆரம்பிச்ச ஒரு கல்யாணம் என்னைக்காவது ஒரு நாள் வெடிச்சே ஆகணும். பெட்டி தெருவுக்கு வந்தே ஆகணும். தெரிஞ்சும் சும்மா இருக்கிற ஹவுஸ் ஓனர் உலகத்துல எங்கயாவது உண்டா? அப்படி ஒரு மனுசனைக் காட்டுங்க பாப்போம்!"

வாதத்தின் இந்த இடத்தில் வழக்கப்படி சொந்த அனுபவம் வர வேண்டும். அதாவது மனைவியைப் பற்றி ஒரு பொய். "எங்க வீட்டையே எடுத்துக்கோங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டுப் பொய்யைத் தேடினேன். துக்கத்தில் இருந்த மூளைக்குப் பொய் அகப்படவில்லை. கைக்கு அருகில் இருந்தது உண்மைதான். அதை எடுத்து வைத்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பக்கத்து மிஷின், தரகருக்கு நான் வாங்கிக் கொடுத்த பரோட்டா, கண்ணாடி முன்னால் பயிற்சி, எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வந்தது. "பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாருக்கும் பால் காப்பி, எனக்கு மட்டும் கடுங்காப்பி!" என்றபோது பந்தல் அதிர்ந்தது. பட்டிமன்றக்காரன் வழக்கம்போல மனைவியைப் பற்றி அளந்து விடுகிறான் என்று எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என் மேடை வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜெயந்தி குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டே தங்கச்சியைத் திரும்பிப் பார்த்த செல்வராஜ் மச்சானின் முகம் மாறியது. எழுந்து நின்றார்.

"ஏட்டி, அவரு சொல்லுதது நெசமா?"

பந்தலில் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. ஜெயந்தி நிமிரவில்லை. இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், அது இன்னொரு பட்டிமன்றப் பொய்யாகப் போயிருக்கும். அவளால் முடியவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் இரண்டாவது பொய்யை எப்படிச் சொல்வாள்?

மச்சான் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க அப்பாவ ஏமாத்துனீங்க, சரி. அதை எங்க அப்பா படத்துக்கு முன்னாலயே மைக்குல சொல்லிச் சிரிக்க வைக்கீங்க பாத்தீங்களா, அதைத்தான் என்னால தாங்க முடியல மாப்பிள."

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. எத்தனை மேடையில் தோற்றிருக்கிறேன். அவமானம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. எனக்காகக்கூட அல்ல. ஒரே ஒரு தடவை ஒன்றைக் கேட்ட மனைவிக்கு, அவள் பிறந்த வீட்டார் அத்தனை பேருக்கும் நடுவில் நான் கொடுத்தது இது. ஓடும் ரயில் எதுவும் இல்லை. மழை பெய்வதற்கான அறிகுறியும் இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஜெயந்தியின் அம்மா, என் அத்தையின் குரல். பதினாறு நாளாக அழுது கரகரத்திருந்தது.

"செல்வம், உக்காருலே. உங்க அப்பாவ யாரும் ஏமாத்தல. அவியளுக்கு அன்னைக்கே தெரியும்."

ஜெயந்தி தலையைத் தூக்கினாள்.

"வந்தவிய வண்டியேறிப் போனதும் அடுப்படிக்கு வந்தாவ. 'அந்தத் தம்பிக்குக் கடுங்காப்பிதான் வேணும்னு உம்மவகிட்ட யாரு சொன்னா?'ன்னு கேட்டாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'கூப்பிட்டுக் கேப்போமா?'ன்னேன். 'கேக்காத. கேட்டா அவ நெசத்தச் சொல்லிருவா. சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும். தெரிஞ்சா நான் எங்க அண்ணாச்சிகிட்டச் சொல்லணும். தெரியாதுன்னா இது கல்யாணம். தெரியும்னா இது பஞ்சாயத்து. நமக்குத் தெரியாது, கேட்டியா?'ன்னாவ. மறுநாளு அந்த டைப்பு அடிக்கிற எடத்துக்குப் போயி மாப்பிள்ளையப் பத்தி வெசாரிச்சிட்டும் வந்தாவ."

அத்தை மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"அந்த மாடி வீட்டு நாடகத்த வாயப் பொளந்துட்டு ஏன் பாத்தாவன்னு நெனைக்கீங்க? அந்தப் பனியன் போட்ட கெழவன் வரும்போதெல்லாம் என்னையப் பாத்துக் கண்ணடிப்பாவ. மாப்பிள்ளைக்குப் போனு போட்டு நாளும் பொழுதும் சொல்லிப் பாத்தாவ. மாப்பிள்ளைதான் சினிமா சினிமான்னு நின்னாரு."

ஜெயந்தி அத்தையின் மடியில் விழுந்து அழுதாள். அது பதினாறு நாளாக அழுத அழுகை இல்லை. "தெரியுமாம்மா? அப்பாவுக்குத் தெரியுமா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் படத்தைப் பார்த்தேன். தனியாக எடுத்த போட்டோ எதுவும் அவருக்கு இல்லாததால், எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. ஓரத்தில் என் தோள்பட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் அவர் உதட்டை இறுக்கி வைத்திருப்பது போட்டோ எடுக்கும் கூச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணத்தன்று அவர் பக்கத்தில் நின்றவர் அவருடைய அண்ணன். சிரிப்பை அடக்க மாமா என்ன பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. அப்படி ஒரு மனிதனைக் காட்டுங்கள் என்று சற்று முன் நான் சவால் விட்டிருந்தேன். மாலையோடு எதிரில் இருந்தார்.

என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேஜையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மிகுந்த பொறுப்போடு சொன்னார்:

"தம்பி என்னைய நடுவர்னு கூப்பிட்டாப்ல. அதனால சொல்லுதேன். தொடர்தான் ஜெயிச்சது. நீங்க போயி உக்காருங்க தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பந்தி நடந்தபோது நான் சாப்பிடப் போகவில்லை. பந்தலின் ஓரத்தில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செல்வராஜ் மச்சான் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு டம்ளர். பெட்டியைத் தெருவில் எறியப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அம்மா குடுக்கச் சொன்னாவ. கடுங்காப்பிதான்" என்றார். கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்பா எங்கிட்டக்கூடச் சொல்லல பாருங்க மாப்பிள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அதே குறைதான். இரண்டு பேரும் அழுதோம். மாமாவைப் பற்றி அன்று நான் ஒழுங்காகப் பேசிய நாலு வார்த்தையும் அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் பேசியதுதான்.

அதற்குப் பிறகு மச்சான் என் பெயரையே மாற்றிவிட்டார். எந்த விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்தாலும் "நடுவர் அவர்களே, வாங்க" என்று எழுந்து நிற்பார். நானும் ஜெயந்தியும் சேர்ந்து போனால், யாராவது ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இவிய ரெண்டு பேரும் முன்னப் பின்னப் பாத்ததில்ல. அறிமுகம் செஞ்சு வையி" என்பார். நாங்களும் கைகூப்பி ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இலை போட மாட்டார்கள்.

போன தை மாதம் எங்கள் மகள் யாழினியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கோயம்புத்தூர், பெங்களூரில் வேலை. யாழினிக்கும் அங்கேதான் வேலை. வெப்சைட்டில் தற்செயலாக வந்த ஜாதகம் என்று யாழினிதான் எடுத்துக் காட்டினாள். எல்லாப் பொருத்தமும் இருந்தது. கூடத்தில் மாமாவின் படத்துக்குக் கீழே பையனை உட்கார வைத்தோம். யாழினி தலையைக் குனிந்தபடி பலகாரத் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோவில்பட்டியில் விருந்தாளித் தட்டு என்றால் மற்றது எது இல்லாவிட்டாலும் கடலை மிட்டாய் இருக்கும். எல்லார் தட்டிலும் இருந்தது. பையன் தட்டில் மட்டும் இல்லை.

பையனின் அம்மாதான் அதைப் பார்த்துவிட்டு, "அடடே, இவனுக்குக் கடலை சேராதுன்னு சொல்ல மறந்தே போச்சுங்க. நல்லவேளை வைக்கலீங்க" என்றார்.

யாழினியின் தலை இன்னும் குனிந்தது. அடுப்படி வாசலில் நின்ற ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் மேலே படத்தைப் பார்த்தேன். பிறகு தொண்டையை நன்றாகச் செருமிக்கொண்டேன்.

"தம்பிக்கு இதான் முத தடவையா நம்ம ஊருப் பக்கம்?"

"ஆமாங்க அங்கிள்" என்றான் பையன். முகத்தை அருமையாக வைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி முன்னால் ஒரு வாரமாவது உழைத்திருப்பான்.

செல்வராஜ் மச்சான் என் காதருகே குனிந்து, "நடுவர் அவர்களே, என்ன நடக்கு இங்கன?" என்று கேட்டார்.

"எனக்கு என்ன மச்சான் தெரியும்?" என்றேன்.